நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் ஆக வேண்டுமா? கடைசிப் படியிலிருந்து திட்டம் போடு

ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் தலைமாட்டில் ஒருவர் இருப்பார். மயக்கம் கொடுத்த நொடியிலிருந்து கண் விழிக்கும் வரை அந்த நோயாளியின் மூச்சும் ரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் அவர் பொறுப்பு. அமெரிக்காவில் அந்த இடத்தில் இருப்பவர் பல நேரங்களில் ஒரு செவிலியர். மயக்க மருந்து கொடுக்கச் சான்றிதழ் பெற்ற இந்தச் செவிலியரைத்தான் நர்ஸ் அனஸ்தெட்டிஸ்ட் என்கிறார்கள், சி.ஆர்.என்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். நேற்று முளைத்த வேலை அல்ல இது. மின்னசோட்டாவின் ராச்செஸ்டரில் அறுவை மருத்துவர்களான மேயோ சகோதரர்களுடன் வேலை பார்த்த ஆலிஸ் மகாவ் என்ற செவிலியர், 14,000-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளுக்கு மயக்கம் கொடுத்த அனுபவத்தை 1906-இல் கட்டுரையாக வெளியிட்டார். மயக்க மருந்தால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட அதில் இல்லை.

நீ அமெரிக்காவில் ஹைஸ்கூலில் படிக்கிறாய், இந்த வேலையில் ஆசை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் இதைச் செய், பத்தாம் வகுப்பில் அதைச் செய் என்று தொடங்கும் பட்டியல்களை ஒதுக்கி வை. இந்தப் பாதையில் ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தில் நீ என்ன சேர்த்து வைத்தாய் என்று கேட்கும். அதைத் தாமதமாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்கு ஓரிரு வருடங்கள் வீணாகும். அதனால் கடைசிக் கட்டத்தில் தொடங்கிப் பின்னோக்கி வருவோம்.

படி 1: கடைசிப் படிப்பின் வாசலில் நின்று பார்

2022 ஜனவரியிலிருந்து இந்தத் துறையில் புதிதாகச் சேரும் எல்லோரும் டாக்டரேட் நிலைப் படிப்பில்தான் சேர வேண்டும். டி.என்.பி. அல்லது டி.என்.ஏ.பி. என்று பட்டத்தின் பெயர் இருக்கும். ஆராய்ச்சிக்கான பிஎச்.டி. அல்ல இது, கையால் செய்யும் தொழிலுக்கான டாக்டரேட். பொதுவாக 36 மாதங்கள். அதற்குள் குறைந்தது 2,000 மணி நேரம் மருத்துவமனைப் பயிற்சி, 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு மயக்கம் கொடுத்த அனுபவம் எல்லாம் முடித்திருக்க வேண்டும். பிறகு தேசியத் தேர்வு. 100 முதல் 170 கேள்விகள் வரை வரும், நீ பதில் சொல்லும் விதத்தைப் பொறுத்துக் கணினியே அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும்.

இப்போது ஒரு சின்ன வேலை. உன் மாநிலத்திலோ பக்கத்து மாநிலத்திலோ இந்தப் படிப்பு உள்ள மூன்று கல்லூரிகளின் அட்மிஷன் பக்கங்களைத் திற. ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டு, ஒவ்வொன்றும் கேட்பதை எழுது: குறைந்தபட்ச ஜி.பி.ஏ. (சராசரி மதிப்பெண் புள்ளி), அறிவியல் பாடங்களுக்குத் தனி ஜி.பி.ஏ. உண்டா, எந்த வகை ஐ.சி.யூ. அனுபவம், எத்தனை வருடம், ஜி.ஆர்.ஈ. என்ற நுழைவுத் தேர்வு வேண்டுமா, யாரிடம் பரிந்துரைக் கடிதம். ஜி.பி.ஏ. 3.0 என்று போட்டிருந்தால் அது விண்ணப்பிக்கும் தகுதி, அவ்வளவுதான். இடம் கிடைப்பவர்களுடைய மதிப்பெண் அதைவிட நன்றாகவே மேலே இருக்கும். இந்தத் தாளைப் பத்திரமாக வை. இனி வரும் ஒவ்வொரு படியிலும் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கப் போகிறாய்.

படி 2: ஐ.சி.யூ.

மேலே எழுதிய மூன்று பத்திகளிலும் ஐ.சி.யூ. அனுபவம் இருக்கும். விதிப்படி குறைந்தது ஒரு வருட முழுநேர வேலை. நடைமுறையில் பலரும் இரண்டு மூன்று வருடங்கள் வேலை பார்த்த பிறகே சேர்கிறார்கள்.

இதை வெறும் சுங்கச்சாவடி மாதிரி நினைக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கும். காரணத்தைச் சொல்கிறேன். நோயாளியைத் தூங்க வைக்கப் பெரும்பாலும் புரொபஃபால் என்ற பால் நிற மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றுவார்கள். அது ரத்தக் குழாய்களைத் தளர்த்துவதால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். அதே நிமிடத்தில் நோயாளியின் சொந்த மூச்சும் நின்றிருக்கும், நீதான் மூச்சு கொடுத்துக்கொண்டிருப்பாய். அப்போது பக்கத்தில் யாரையாவது கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிற்க முடியாது. ரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகளைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக் குறைத்து, வென்டிலேட்டரின் எண்களைப் பார்த்து நோயாளியின் நிலையைப் புரிந்துகொள்ளும் பழக்கம் உன் கையில் ஏற்கெனவே ஊறியிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் வருகிற இடம் ஐ.சி.யூ. படுக்கையோரம்தான்.

ஆகவே எந்த ஐ.சி.யூ. என்பது முக்கியம். இதய அறுவை சிகிச்சை ஐ.சி.யூ., சர்ஜிக்கல் ஐ.சி.யூ., பெரிய விபத்துச் சிகிச்சை மையத்தின் ஐ.சி.யூ. போன்றவற்றுக்கு மதிப்பு அதிகம். எமர்ஜென்சி பிரிவு அனுபவத்தைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. பச்சிளங்குழந்தைகள் ஐ.சி.யூ. சில இடங்களில் செல்லும், சில இடங்களில் செல்லாது. உன் தாளைப் பார்.

ஐ.சி.யூ.வில் இருக்கும்போதே சி.சி.ஆர்.என். என்ற தீவிர சிகிச்சைச் செவிலியர் சான்றிதழை வாங்கிவிடு. அதற்கு இரண்டு வருடங்களில் 1,750 மணி நேரம் தீவிர நிலை நோயாளிகளைக் கவனித்திருக்க வேண்டும். பல கல்லூரிகள் இதைக் கட்டாயமாகவே கேட்கின்றன.

படி 3: நர்சிங் பட்டம்

ஐ.சி.யூ.வுக்குள் போக ஆர்.என்., அதாவது பதிவு பெற்ற செவிலியர் உரிமம் வேண்டும். அதற்கு என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வு: 85 முதல் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். அதை எழுத நர்சிங் படித்திருக்க வேண்டும். இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று, நான்கு வருட பி.எஸ்.என். என்ற நர்சிங் இளங்கலைப் பட்டம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சில பல்கலைக்கழகங்கள் முதல் நாளிலேயே நர்சிங் மாணவராகச் சேர்த்துக்கொள்ளும். சில இடங்களில் முதல் இரண்டு வருடம் ப்ரீ-நர்சிங் என்ற பெயரில் படித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், அப்போது இடம் கிடைக்காமலும் போகலாம். சேரும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்.

இன்னொன்று, உள்ளூர் கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்ற இரண்டு வருட நர்சிங் படிப்பை முடித்து ஆர்.என். ஆகி, வேலை பார்த்துக்கொண்டே பி.எஸ்.என். முடிப்பது. இதைக் குறைவாகப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செலவு மிகக் குறைவு, பல மருத்துவமனைகள் பி.எஸ்.என். கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்களே தருகின்றன. ஆனால் சில பெரிய மருத்துவமனைகள் பி.எஸ்.என். இல்லாதவர்களை ஐ.சி.யூ.வில் எடுக்கத் தயங்கும். உன் ஊரில் நிலைமை எப்படி என்று விசாரி.

எந்த வழியாக இருந்தாலும் உடற்கூறியல், உடலியங்கியல், வேதியியல், நுண்ணுயிரியல், மருந்தியல் ஆகியவற்றில் மதிப்பெண்ணை விட்டுவிடாதே. பத்து வருடம் கழித்தும் உன் அறிவியல் ஜி.பி.ஏ.வைக் கணக்குப் போடும் ஆள் இந்தப் பாடங்களைத்தான் தேடுவார். படிக்கும்போதே ஐ.சி.யூ.வில் டெக், அதாவது நர்ஸ்களுக்கு உதவும் பணியாளர் வேலை கிடைத்தால் விடாதே. பட்டம் வாங்கியதும் அதே யூனிட்டில் நர்ஸ் வேலைக்கு உன் முகம் தெரிந்திருக்கும்.

படி 4: பணக் கணக்கு

இதை வீட்டில் அப்பா அம்மாவுடன் உட்கார்ந்து படி. கடைசி மூன்று வருடப் படிப்பின் கட்டணம் பல இடங்களில் 1 லட்சம் டாலரைத் தாண்டும். படிப்பின் சுமையால் அந்த மூன்று வருடமும் வேலைக்குப் போக முடியாது என்றே வைத்துக்கொள். முன்பு இதைச் சமாளிக்கப் பலரும் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடனை எடுத்தார்கள். 2025-இல் வந்த சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் எடுப்பவர்களுக்கு அது கிடையாது. மற்ற அரசுக் கடன்களுக்கும் உச்சவரம்பு வந்துவிட்டது.

ஆகவே பி.எஸ்.என். படிப்பைக் கடனில்லாமல், அல்லது மிகக் குறைந்த கடனோடு முடிப்பதை ஒரு இலக்காகவே வை. பெயர் பெற்ற விலையுயர்ந்த கல்லூரியில் நர்சிங் படித்தாலும் நீ எழுதப்போவது அதே என்கிளெக்ஸ்தான். ஐ.சி.யூ.வில் சம்பாதிக்கும் வருடங்களில் சேமிப்பைத் தொடங்கு. ராணுவத்துக்குச் சொந்தமாக ஒரு அனஸ்தீசியா நர்சிங் படிப்பு இருக்கிறது. படிக்கும்போதே சம்பளம் உண்டு, பதிலுக்குச் சில வருடங்கள் பணியாற்ற வேண்டும். எல்லோருக்கும் ஏற்றதல்ல என்றாலும் தெரிந்து வைத்துக்கொள்.

வேலைக்கு வந்தபின் சராசரி வருமானம் வருடத்துக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். அந்த எண்ணை மட்டும் பார்த்துக் கடன் எடுக்காதே. அது கைக்கு வர உனக்கு 26, 28 வயதாவது ஆகியிருக்கும்.

படி 5: இந்த வருடம்

இப்போது உன் வகுப்பறைக்கு வந்துவிட்டோம். உயிரியல், வேதியியல், அல்ஜீப்ரா, முடிந்தால் புள்ளியியலும் இயற்பியலும் எடு. வேதியியலும் இயற்பியலும் எதற்கு என்று கேட்பாய். மயக்க மருந்து இயந்திரத்தின் பின்னால் மாட்டும் சிறிய ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருந்தால் அளவி சுமார் 1,900 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) காட்டும், உள்ளே ஏறத்தாழ 660 லிட்டர். அளவி பாதியானால் வாயுவும் பாதி. வாயுவின் அழுத்தத்துக்கும் கன அளவுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் பாயில் விதியை நீ இப்போது படித்துக்கொண்டிருப்பாய். பக்கத்திலேயே நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர். அதில் பெரும்பகுதி தீர்ந்த பிறகும் அளவி அதே 745 பி.எஸ்.ஐ.யில் நிற்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது திரவம். திரவம் முழுக்க ஆவியான பின்தான் முள் இறங்கத் தொடங்கும். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் அந்த இயந்திரத்தின் முன்னால் உட்கார முடியாது.

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிக்கும் டூயல் என்ரோல்மென்ட் எடுப்பதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்த மதிப்பெண் கல்லூரி மதிப்பெண்ணாகவே நிரந்தரமாகப் பதிவாகும். பதினாறு வயதில் அவசரப்பட்டு அனாட்டமியில் வாங்கிய 'சி' பத்து வருடம் கழித்தும் உன் விண்ணப்பத்தில் இருக்கும். தயாராக இல்லையென்றால் ஆங்கிலமோ உளவியலோ எடு.

ஆபரேஷன் தியேட்டருக்குள் உன்னை இப்போதே விடுவது கடினம், பல மருத்துவமனைகள் 18 வயது கேட்கும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். பள்ளியில் மருத்துவத் துறை வேலைகளில் ஆர்வமுள்ள மாணவர்களுக்கான ஹோசா கிளப் இருந்தால் சேர். பி.எல்.எஸ். என்ற அடிப்படை உயிர்காப்பு வகுப்பு ஒரே நாளில் முடியும். கோடை விடுமுறையில் சி.என்.ஏ., அதாவது செவிலியர் உதவியாளர் பயிற்சி எடு. மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம், சில மாநிலங்களில் இன்னும் கூடுதல். வயது வரம்பும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், 16 வயதிலேயே அனுமதிக்கும் இடங்கள் உண்டு.

எல்லாவற்றிலும் இந்த சி.என்.ஏ. வேலையைத்தான் நான் முதலில் செய்யச் சொல்வேன். முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, படுக்கையில் திருப்பிப் படுக்க வைக்கும் வேலை அது. மயக்க மருந்துக்கு வருவதற்கு முன் நீ பல வருடங்கள் செவிலியராக வாழப்போகிறாய். அந்த வாழ்க்கை உனக்குப் பிடிக்கிறதா என்று ஒரு கோடைக்காலத்திலேயே தெரிந்துவிடும். உன் ஊர் கம்யூனிட்டி காலேஜில் அடுத்த வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று நாளைக்கே போன் போட்டுக் கேள். இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.