இறைச்சி மாட்டுக் கலப்பினத்தில் கன்றின் நிறத்தை முன்கூட்டியே கணிக்கும் முறை

அமெரிக்க இறைச்சி மாட்டுப் பண்ணைகளில் கன்றின் நிறம் விற்பனை விலையோடு நேரடியாகத் தொடர்புடையது. ஆங்கஸ் இன மாட்டிறைச்சிக்குத் தரச்சான்று தரும், 1978-இல் தொடங்கிய ‘சர்டிஃபைட் ஆங்கஸ் பீஃப்’ திட்டம், உடலின் பெரும்பகுதி கறுப்பாக இருக்கும் மாடுகளையே முதலில் பிரித்தெடுக்கிறது. எனவே காளையைத் தேர்ந்தெடுக்கும்போதே கன்றின் நிறத்தைக் கணிக்கத் தெரிந்திருப்பது பண்ணையாளருக்குப் பயன் தரும். தாயின் நிறத்தையும் தந்தையின் நிறத்தையும் இரண்டு சாயங்களைப் போலக் கலந்து பார்ப்பதால்தான் புதியவர்களின் கணிப்பு தவறுகிறது. அடிப்படை நிறம் எது, அது வெளிறுமா, வெண்மை எங்கே படியும் என்ற மூன்று கேள்விகளை இதே வரிசையில் தனித்தனியாகக் கேட்டால் விடை கிடைத்துவிடும்.

படி 1: அடிப்படை நிறத்தை எழுதுங்கள்

மாட்டின் உரோமத்தில் இரண்டே நிறமிகள் உள்ளன: கருமை தரும் யூமெலனின், செம்மை தரும் ஃபியோமெலனின். இவற்றுள் எது உருவாகும் என்பதை 18-ஆம் குரோமோசோமில் உள்ள எம்சி1ஆர் மரபணு தீர்மானிக்கிறது. அதன் ஓங்கிய வடிவத்தைக் ‘க’ என்றும், ஒடுங்கிய செம்மை வடிவத்தைச் ‘ச’ என்றும் குறித்துக்கொள்வோம். ஒவ்வொரு மாட்டுக்கும் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகள் இருக்கும். ஒரு ‘க’ இருந்தாலே மாடு கறுப்பாகிவிடும். செவலையாவதற்கு இரண்டுமே ‘ச’ ஆக இருக்க வேண்டும்.

ரெட் ஆங்கஸ், ஹெர்ஃபோர்டு, ஷார்ட்ஹார்ன் ஆகிய இனங்கள் ‘சச’ வகையைச் சேர்ந்தவை. பால்வெண்மையாகத் தோன்றும் ஷரோலேயும் அடிப்படையில் ‘சச’தான் என்பதை அடிக்கோடிட்டு நினைவில் வையுங்கள், பெரும்பாலான பிழைகள் இதை மறப்பதால் வருகின்றன. கறுப்பு ஆங்கஸ் ‘கக’ ஆகவோ ‘கச’ ஆகவோ இருக்கலாம், பார்வையால் வேறுபடுத்த முடியாது. ‘க’, ‘ச’ இரண்டுக்கும் இடைப்பட்ட மூன்றாவது வடிவம் ஒன்று பிராமன், ஜெர்சி போன்ற இனங்களில் உண்டு. அதனால்தான் பிராமனையும் ஹெர்ஃபோர்டையும் இணைத்தால் புலிவரி கொண்ட மாடுகள் பிறக்கின்றன. தொடக்கத்தில் அத்தகைய கலப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, ‘க’, ‘ச’ இரண்டோடு பழகுவது நல்லது.

படி 2: வெளிறலைச் சேருங்கள்

5-ஆம் குரோமோசோமில் உள்ள பிமெல் மரபணுவின் ஒரு வடிவம் நிறமியை வெளிறச் செய்கிறது. அதை ‘வெ’ என்றும், நிறத்தை அடர்த்தியாகவே விடும் வடிவத்தை ‘அ’ என்றும் எழுதுவோம். ஷரோலே பொதுவாக ‘வெவெ’, ஆங்கஸ் ‘அஅ’. செம்மையின் மீது ஒரு ‘வெ’ அமைந்தால் இளமஞ்சளும், கருமையின் மீது அமைந்தால் புகைச் சாம்பலும் கிடைக்கும். ஆகவே ‘கக’ ஆங்கஸ் காளைக்கும் ஷரோலே பசுவுக்கும் பிறக்கும் கன்றுகள் அனைத்தும் ‘கச, வெஅ’ ஆகி, சாம்பல் நிறத்தில் இருக்கும்.

படி 3: இரண்டையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்

அந்தச் சாம்பல் கிடாரி வளர்ந்தபின் அதை ஒரு ரெட் ஆங்கஸ் காளையோடு, அதாவது ‘சச, அஅ’ அமைப்புள்ள காளையோடு, சேர்ப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டு மரபணுக்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் அவை ஒன்றையொன்று சாராமல் பிரிகின்றன. பசுவின் சினைமுட்டை ‘க-வெ’, ‘க-அ’, ‘ச-வெ’, ‘ச-அ’ என நான்கு வகையாக அமையலாம். காளை தருவதோ ‘ச-அ’ ஒன்றுதான். எனவே எல்லாச் சேர்க்கைகளையும் காட்டும் பதினாறு கட்ட அட்டவணை வரையத் தேவையில்லை, நான்கு வரிகள் போதும்:

க-வெ + ச-அ: சாம்பல்
க-அ + ச-அ: கறுப்பு
ச-வெ + ச-அ: இளமஞ்சள்
ச-அ + ச-அ: செவலை

ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு கால் பங்கு. நான்கு கன்றுகள் பிறந்தால் நிறத்துக்கு ஒன்றாகப் பிறக்கும் என்பது இதன் பொருளன்று. ஒவ்வொரு ஈற்றிலும் அந்த வாய்ப்பு புதிதாகவே அமைகிறது.

இப்போது காளையை மட்டும் ‘கக, அஅ’ என்று மாற்றி அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். செவலையும் இளமஞ்சளும் மறைந்துவிடும், ஆனால் பாதிக் கன்றுகள் சாம்பலாகவே வரும். ‘கக’ காளை வாங்கினால் கன்றெல்லாம் கறுப்பாகும் என்ற வாக்குறுதி வெளிறல் இல்லாத பசுக்களுக்கு மட்டுமே பொருந்தும் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

படி 4: வெண்மையைக் கடைசியில் பாருங்கள்

ஹெர்ஃபோர்டின் வெள்ளை முகத்துக்கு ஒரு பிரதியே போதும். அதனால் ‘கக’ ஆங்கஸும் ஹெர்ஃபோர்டும் கலந்த கன்று கறுப்பு உடலும் வெள்ளை முகமும் கொண்டு பிறக்கிறது; பண்ணையாளர்கள் இதைப் ‘பிளாக் பால்டி’ என்கிறார்கள். தாயாகப் பயன்படுத்துவதற்கு இந்தக் கலப்பு மிகவும் மதிக்கப்படுகிறது.

ஷார்ட்ஹார்னின் வெண்மை வேறு வகையானது. அதில் இரண்டு பிரதிகள் இருந்தால் மாடு வெள்ளையாகும். ஒன்று மட்டும் இருந்தால் நிறமுள்ள உரோமமும் வெள்ளை உரோமமும் கலந்து தோன்றும். வெள்ளை ஷார்ட்ஹார்ன் காளையைக் கறுப்புக் காலோவே பசுவோடு சேர்த்து ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில் உருவாக்கப்படும் ‘புளூ கிரே’ மாடு இதற்குச் சிறந்த சான்று. அதுவும் சாம்பலாகத் தெரியும், ஆனால் அதில் வெளிறல் மரபணு இல்லை. நெருங்கிப் பார்த்தால் கறுப்பும் வெள்ளையுமாகத் தனித்தனி உரோமங்கள் தெரியும்.

படி 5: மறைந்திருக்கும் செம்மையைக் கண்டறியுங்கள்

கறுப்புக் காளை ஒன்றின் கன்று செவலையாகப் பிறந்தால், தந்தை அதுதான் என்பது உறுதியாக இருக்கும் நிலையில், அந்தக் காளை ‘கச’ என்பது அந்த ஒரே கன்றால் முடிவாகிவிடும். செவலை பிறக்காதவரை ‘கக’ என்று முடிவுகட்டுவதற்கு மட்டும் பொறுமை தேவை. ‘கச’ காளையைச் செவலைப் பசுக்களோடு சேர்த்தால் ஒவ்வொரு கன்றும் கறுப்பாகப் பிறக்கும் வாய்ப்பு பாதி. ஏழு கன்றுகளும் கறுப்பாகவே பிறக்கும் வாய்ப்பு 128-இல் 1. எனவே ஏழும் கறுப்பு என்றால் காளை ‘கக’ என்று பெரும்பாலும் நம்பலாம். அவ்வளவு காலம் காத்திருக்க இயலாதவர்கள், காளையின் வால் உரோமத்தை வேரோடு பிடுங்கி மரபணு ஆய்வகத்துக்கு அனுப்பி, விலை பேசுவதற்கு முன்பே முடிவைப் பெற்றுக்கொள்ளலாம். அப்படி அனுப்பும்போது செம்மைக்கான சோதனையோடு வெளிறலுக்கான சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.