பாதி பொம்மையைப் பரணில் ஏற்றுங்கள்

சின்னப் பிள்ளை இருக்கும் வீட்டில் கூடமெல்லாம் பொம்மையாகத்தான் கிடக்கும். பிள்ளையோ எதிலும் நிலைக்காமல் போனைக் கேட்கும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம். 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது.

எங்கள் வீட்டில் ஐந்தாறு பொம்மைதான் இப்போது வெளியே இருக்கிறது. மீதியைப் பழைய தலையணை உறையில் கட்டிப் பரணில் போட்டாச்சு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மகள் தூங்கும்போது மாற்றி வைப்பேன். பரணிலிருந்து இறங்கியதெல்லாம் அவளுக்குப் புதுசுதான். ஆனால் கட்டிப்பிடித்துத் தூங்கும் துணிப் பொம்மையை மட்டும் எடுத்துவிடாதீர்கள், பாவம்.

அப்புறம் அடுக்களை. நான் கீரை ஆயும்போது பக்கத்திலேயே ஒரு தாம்பாளம், இரண்டு டம்ளர், அரை டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பேன். இதிலிருந்து அதற்கு, அதிலிருந்து இதற்கு என்று ஊற்றிக்கொண்டே இருப்பாள். நாக்கு நுனி வெளியே நீட்டியிருக்கும், அத்தனை கவனம்! தரை நனைந்தால் துடைத்துவிடலாம்.

சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு மூன்று வயதுவரை கைக்கு எட்டவே கூடாது. பட்டன் பேட்டரி போட்ட பொம்மையில் மூடி ஸ்க்ரூ வைத்து இறுக்கியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அந்தப் பேட்டரியை விழுங்கிவிட்டால் உள்ளே புண்ணாக்கிவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

என்ன வாங்கி வரட்டும் என்று தாத்தா பாட்டி கேட்டால், ஒரு பெரிய பந்து போதும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.