நல்லவனா ஆடலாமா, கெட்டவனா ஆடலாமா? சாய்ஸ் வர்ற கேம்களை முதல் தடவை ஆடுறவங்களுக்கு

2007ல வந்த பயோஷாக் கேம்ல முதல் பிக் டாடியை, அதாவது சின்னப் பொண்ணுங்களுக்குக் காவலா வர்ற ராட்சச உருவத்தை, ஒருவழியா சாய்ச்சதுக்கு அப்புறம் ஒரு சின்னப் பொண்ணு அந்தப் பெரிய உடம்புக்குப் பக்கத்துல உக்காந்து அழுதுட்டு இருப்பா, நாம கிட்ட போகப் போக பயந்து பின்னாடி நகருவா, தூக்கினதும் ஸ்க்ரீன்ல ரெண்டு பட்டன் வரும். ஒண்ணு காப்பாத்த, இன்னொண்ணு அவ உடம்புல இருக்குற ஆடமை மொத்தமா உறிஞ்சி எடுக்க. காப்பாத்தினா 80 ஆடம், உறிஞ்சினா 160. அந்த கேம்ல பவர் வாங்குற காசே ஆடம்தான். புதுசா ஆடுற நிறைய பேர் இந்த இடத்துல பாஸ் போட்டுட்டு ஃபோன்ல "எதை எடுத்தா லாபம்"னு தேட ஆரம்பிச்சிடுறாங்க.

தேட வேணாம். இந்த மாதிரி கேம்களை எப்படி அணுகணும்னு ஒரு தடவை பழகிட்டா எந்த கேம்லயும் நீங்களே முடிவு எடுக்கலாம், அதுக்குத்தான் இந்தப் பதிவு. சில கேம்களோட கதை கொஞ்சம் வெளிய வரும், பெரிய எண்டிங் எதையும் முழுசா சொல்லல.

ஸ்டெப் 1: இந்த கேம் எப்படி கணக்கு வெக்குதுன்னு பாருங்க

கேம் ஆரம்பிச்ச முதல் ஒரு மணி நேரத்துல கேரக்டர் மெனுவைத் திறந்து பாருங்க. மீட்டர் ஏதாவது இருக்கா?

ஒரே கோடா இருந்தா, ஒரு பக்கம் நல்லது இன்னொரு பக்கம் கெட்டது, அது சுலபமான வகை. 2004ல வந்த ஃபேபிள்ல நல்லது செஞ்சா தலைக்கு மேல ஒளிவட்டம், கெட்டது செஞ்சா கொம்பு முளைக்கும். 2009ல வந்த இன்ஃபேமஸ்ல ஹீரோ கையில வர்ற மின்னலே நீலமா சிவப்பான்னு மாறிடும். இந்த வகை கேம்ல நடுவுல நிக்கிறதுதான் நஷ்டம், ஏன்னா பெரிய பவர் எல்லாம் ரெண்டு ஓரத்துலயும்தான் வெச்சிருப்பாங்க. ஒரு பக்கம் முடிவு பண்ணிட்டு அதுலயே போங்க.

மாஸ் எஃபெக்ட்ல ரெண்டு தனித்தனி மீட்டர், பேராகன் (நல்லவன் பக்கம்) ஒண்ணு ரெனகேட் (முரட்டு பக்கம்) ஒண்ணு, ஒண்ணு ஏறினா இன்னொண்ணு இறங்காது. கேட்கும்போது சுதந்திரமாத் தெரியும், ஆனா 2010ல வந்த ரெண்டாவது பாகத்துல ரெண்டையும் மாத்தி மாத்தி எடுத்தவங்களுக்கு ஒரு அடி காத்திருக்கு. கப்பல்ல நம்ம ஆளுங்க ரெண்டு பேர் சண்டை போட்டுக்குவாங்க, சமாதானம் பண்ற டயலாக்கு தெரியும், ஆனா மங்கலா இருக்கும், செலக்ட் பண்ண முடியாது. ஒரு பக்கத்துல ஸ்கோர் பத்தலைன்னா அந்த வாய்ப்பே போச்சு. அதனால அங்கயும் ஒரு பக்கத்தை மெயினா வெச்சுக்கோங்க.

மீட்டரே இல்லைன்னா கேம் கணக்கு வெக்கலைன்னு மட்டும் நினைச்சுடாதீங்க. 1985ல வந்த அல்டிமா 4ல கண்ணு தெரியாத ஒரு அம்மா மூலிகை வித்துட்டு இருப்பாங்க, விலை இவ்வளவுன்னு சொல்லுவாங்க, எவ்வளவு தர்றீங்கன்னு நாமதான் டைப் பண்ணணும். கம்மியா கொடுத்தாலும் அவங்களுக்குத் தெரியாது, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, நாமளும் லாபம்னு கிளம்பிடுவோம். ஆனா நேர்மைக்கான ஸ்கோரை கேம் சத்தமில்லாம குறைச்சிருக்கும், அந்த கேம்ல ஜெயிக்கணும்னா நேர்மையோட சேர்த்து 8 நல்ல குணத்துலயும் தேறணும். எனக்குத் தெரிஞ்சு இந்த மொத்த விஷயத்தையும் இவ்வளவு அழகா செஞ்ச கேம் ரொம்பக் கம்மி. 2012ல வந்த டிஸ்ஹானர்டும் இப்படித்தான், நீங்க கொல்லக் கொல்ல ஊர்ல எலியும் நோயாளிங்களும் கூடிக்கிட்டே போகும், கடைசி மிஷனோட வானிலை கூட மாறும்.

ஸ்டெப் 2: தனி சேவ் போடுங்க

ஆட்டோசேவை நம்பாதீங்க, அது பழசை அழிச்சுட்டு மேல எழுதிடும். பெரிய முடிவு வரப்போகுதுன்னு தோணினா, அதாவது யாராவது ரெண்டு கோஷ்டி உங்ககிட்ட உதவி கேட்டாலோ, இதுக்கு மேல திரும்ப வரமுடியாதுன்னு கேமே எச்சரிச்சாலோ, உடனே மேனுவலா புது ஸ்லாட்ல ஒரு சேவ்.

இதை நான் அடிபட்டுத்தான் கத்துக்கிட்டேன். பால்டர்ஸ் கேட் 3ல முதல் பகுதியில ஒரு தோப்புல அகதிங்க ஒளிஞ்சிருப்பாங்க, அவங்களை அழிக்க காப்ளின் கூட்டம் தேடிட்டு இருக்கும். என்னதான் ஆகுதுன்னு பார்ப்போமேன்னு நான் காப்ளின் பக்கம் சேர்ந்து கேட்டைத் திறந்துவிட்டேன். சண்டை முடிஞ்சு பார்த்தா அதுக்கு முன்னாடி என்கூட பேசிட்டிருந்த குழந்தைங்க உட்பட எல்லாரும் தரையில கெடக்குறாங்க, கேம்ப்புக்குத் திரும்பினா என் கூட்டாளி கார்லக் என் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசிட்டு மொத்தமா கிளம்பிப் போயிட்டா, வில்னு இன்னொரு கூட்டாளியும் போயிட்டான். கார்லக்கோட கதையைத்தான் நான் அந்த கேம்ல ரொம்ப ரசிச்சிட்டு இருந்தேன். பழைய சேவ் 9 மணி நேரம் பின்னாடி இருந்துச்சு.

ஒரு விதிவிலக்கு இருக்கு. 2015ல வந்த அண்டர்டேல்ல சேவ் உங்களைக் காப்பாத்தாது, நீங்க ரீசெட் பண்ணி வந்தாலும் முன்னாடி செஞ்சதை சில கேரக்டர்கள் ஞாபகம் வெச்சிருப்பாங்க. அதுல எல்லாரையும் தேடித்தேடி கொல்ற ரூட்டை கடைசி வரைக்கும் போய் முடிச்சிட்டா, அதுக்கப்புறம் நல்ல எண்டிங் எடுத்தாலும் அதுல கறை ஒட்டியிருக்கும். அதனால அண்டர்டேலை மட்டும் தயவுசெஞ்சு அந்த ரூட்ல ஆரம்பிக்காதீங்க.

ஸ்டெப் 3: உங்க ஆளு யாருன்னு ஒரு வரி எழுதுங்க

எல்லாத்தையும் விட இதுதான் முக்கியம். "நல்லவன்", "கெட்டவன்"னு மட்டும் வெச்சுக்கிட்டா பாதி கேம்லயே போரடிச்சிடும், ஏன்னா டயலாக்கைப் படிக்காமலே மேல இருக்குறதை அமுக்கிட்டு போக ஆரம்பிச்சிடுவீங்க, நிறைய கேம்ல நல்ல பதில் ஒரே இடத்துலதான் வரும். அதுக்குப் பதிலா ஒரு பேப்பர்ல இப்படி எழுதுங்க: "காசுக்காக எந்த வேலையும் செய்வான், ஆனா தன்னை நம்பி வந்தவனை விட்டுக்கொடுக்க மாட்டான்." இல்லைன்னா, "எல்லாருக்கும் உதவி பண்ணுவா, ஆனா பொய் சொன்னவனை மன்னிக்கவே மாட்டா." அவ்வளவுதான். சாய்ஸ் வரும்போது மீட்டரைப் பார்க்காம இந்த வரியைப் பாருங்க.

ஃபாலவுட் 3ல இதை டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம். மெகாடன்னு ஒரு ஊரு, வெடிக்காத அணுகுண்டைச் சுத்தி தகரத்துல வீடு கட்டி வாழுறாங்க. பார்ல கோட் போட்ட ஒருத்தன் கூப்பிட்டு, அந்தக் குண்டை வெடிக்க வெச்சா காசும் ஒரு வசதியான வீடும் தர்றேன்னு மெதுவாப் பேசுவான். ஊர் ஷெரிஃப் குண்டைச் செயலிழக்க வெக்கச் சொல்லுவாரு, அவரும் வீடு தருவாரு. ரெண்டு பக்கமும் வீடு கிடைக்கிறதால லாபக் கணக்குல இதுக்கு விடை வராது. வெடிக்கிற ரூட்ல தூரத்துல இருக்குற ஒரு உயரமான பால்கனியில நின்னு பட்டனை அமுக்கணும், வெளிச்சம் அடிச்சு புகை காளான் மாதிரி எழும்பும், சத்தம் கொஞ்சம் கழிச்சுத்தான் வரும். அந்த ஊர்ல இருந்த கடை, குவெஸ்ட், ஆளுங்க கிட்டத்தட்ட எல்லாம் போச்சு. உங்க ஒரு வரியில இருக்குற ஆளு அந்த பட்டனை அமுக்குவானா? அதை மட்டும் கேளுங்க.

ஸ்டெப் 4: முதல் ரவுண்டு நல்லவனா போங்க

இது என்னோட உறுதியான கருத்து. மாஸ் எஃபெக்ட்ல வேலை பார்த்த ஒருத்தர் 2020ல, சுமார் 92 சதவீதம் பேர் பேராகனாத்தான் ஆடினாங்கன்னு சொன்னாரு. பெரும்பாலானவங்க நல்ல வழியில போனா கதையோட பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கும், கெட்ட வழியில ஆளுங்க சாகச் சாக அவங்களோட கதையும் சேர்ந்தே செத்துப்போகும். முதல் ரவுண்டுல அந்த மக்களைப் பழகிக்கோங்க, அப்பத்தான் ரெண்டாவது ரவுண்டுல கெட்டவனா போகும்போது எதை இழக்கிறோம்னு உங்களுக்கே உறைக்கும்.

லாபமும் நீங்க பயப்படுற அளவுக்கு குறையாது. பயோஷாக்ல மூணு பொண்ணுங்களைக் காப்பாத்தினா 200 ஆடமோட ஒரு பரிசு வரும். உறிஞ்சினா மூணுக்கு 480, காப்பாத்தினா 240 கூட 200, மொத்தம் 440. வெறும் 40 வித்தியாசம். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2ல ஹானர், அதாவது நல்லவன் மீட்டர், உச்சத்துல இருந்தா கடைகள்ல பாதி விலைக்கே சாமான் கிடைக்கும்.

ஸ்டெப் 5: கெட்டவனா ஆடினா காரணத்தோட ஆடுங்க

எதிர்ல வர்றவனையெல்லாம் வெட்டுறது கெட்டவன் ரூட் இல்ல, கடைக்காரனைக் கொன்னுட்டா அப்புறம் யார்கிட்ட சாமான் வாங்குவீங்க? அவனுக்கு ஒரு ஆசை வேணும், அந்த ஆசைக்குக் குறுக்க வர்றவங்ககிட்ட மட்டும் கொடூரமா இருங்க.

ஸ்டெப் 6: உடனே லோட் பண்ணாதீங்க

ஸ்டெப் 2ல சேவ் போடச் சொன்னது பிடிக்காத பதில் வந்ததும் பின்னாடி ஓடுறதுக்கு இல்ல, மொத்தமா ரூட் மாத்தி ஆடத் தோணும்போது எடுக்குறதுக்கு. விட்சர் 3ல மரத்துக்குள்ள அடைபட்ட ஒரு ஆவி, தன்னை விடுவிச்சா அனாதைக் குழந்தைங்களைக் காப்பாத்துறேன்னு சொல்லும். அதை நம்புறதா வேணாமான்னு அப்பவே முடிவு பண்ணணும், ஆனா விளைவு ரொம்ப நேரம் கழிச்சு வேற ஒரு குடும்பத்து மேல வந்து விழும். ரெண்டு பதில்லயும் யாரோ ஒருத்தர் அழியுறாங்க, எந்த மீட்டரும் உங்களுக்கு மார்க் போடாது. அந்த மாதிரி இடத்துல குறைஞ்சது ஒரு ராத்திரியாவது அந்த முடிவோட இருந்து பாருங்க, அப்புறமும் வேணும்னா லோட் பண்ணிக்கலாம்.

நான் அந்த 9 மணி நேரத்தைத் திரும்ப ஆடல. கார்லக் இல்லாமலே கடைசி வரைக்கும் போனேன், போகிற வழியில அந்த அகதிங்க இருந்திருக்க வேண்டிய இடத்துல எல்லாம் யாரும் இல்ல. முடிச்ச ரெண்டு வாரத்துல புது கேரக்டர் போட்டு அதே தோப்புக்கு வந்தேன், இந்தத் தடவை கேட்டுக்கு மேல ஏறி அவங்க பக்கத்துல நின்னேன்.