கடைக்கு முதல் ஆள் சேர்க்கப் போகிறீர்களா? ஜூலை மாதக் கல்லாவிலிருந்து தொடங்குங்கள்

குன்னூரில் வீட்டிலேயே சாக்லேட் செய்து ஒரு சின்னக் கடையில் விற்கிறேன். இரண்டு வருடம் தனியாக ஓட்டிவிட்டு முதன்முதலாக ஆள் சேர்த்தது ஒரு மே மாதத்தில். சிம்ஸ் பார்க்கில் பழக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது, கடையில் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, தெரிந்த பெண் ஒருத்தியிடம் "நாளையிலிருந்து வந்துடும்மா" என்று சொல்லிவிட்டேன். ஜூன் பிறந்தது, மழை பிடித்தது, கரண்ட் பில் கட்டவே கல்லாவில் காசில்லை. ஒன்றரை மாதத்தில் அவளை நிறுத்த வேண்டியதாயிற்று. இருந்த வேலையை விட்டுவிட்டு என்னிடம் வந்தவள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அதனால் முதல் வேலை, சம்பளத்தை எடுத்து வைப்பது. மலையில் நமக்கு ஏப்ரல், மே ஒரு சீசன். செப்டம்பர், அக்டோபர் இன்னொன்று. நடுவில் மூன்று மாதம் மழை. 2024 மே மாதம், நீலகிரிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற ஆன்லைன் அனுமதிச் சீட்டு வந்த பிறகு சீசன் கூட்டத்தைக் கூட நான் முழுசாக நம்புவதில்லை. ஆகவே ஜூலை மாதக் கல்லாவைப் பார்த்துச் சம்பளம் முடிவு செய்யுங்கள். மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மூன்று மாதத்துக்கு 45,000. அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு அப்புறம் ஆள் தேடுங்கள். அவ்வளவு சேரவில்லையா, சீசனுக்கு மட்டும் தினக்கூலிக்கு ஆள் வையுங்கள், "சீசன் வரைக்கும்தான்" என்பதை முதல் நாளே சொல்லிவிட்டு.

அடுத்து, ஒரு வாரம் நீங்கள் செய்யும் வேலையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். எனக்கு எழுதிப் பார்த்ததும்தான் புரிந்தது, சாக்லேட் உருக்குவதற்கு எனக்கு ஆள் தேவையே இல்லை, ஃபாயில் சுற்றுவதும் எடை போடுவதும் பெட்டியில் அடுக்குவதும்தான் என் பாதி நாளைத் தின்றன. அந்த வேலைக்கு என்று சொல்லித்தான் ஆள் கேட்டேன்.

எங்கே கேட்பது? சுயஉதவிக் குழுவில் இருக்கும் அக்காக்களிடம் சொல்லி வைத்தால் போதும், இரண்டு நாளில் எஸ்டேட் லைன், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரைக்கும் சேதி போய்விடும். வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, வீட்டுக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, இறங்கி எவ்வளவு தூரம் நடக்கணும் என்பதுதான். இருட்டினால் தேயிலைக் காட்டுப் பாதையில் காட்டெருமை நிற்கும், கரடியும் வரும். அந்த பஸ்ஸுக்கு ஏற்ற மாதிரி வேலை நேரத்தை வையுங்கள், கடை நேரம் அரை மணி குறைந்தாலும் பரவாயில்லை.

ஆளைப் பார்த்துப் பேசியாயிற்றா, ஒரு நாள் வேலை செய்யச் சொல்லிப் பாருங்கள், அந்த நாளுக்குக் கட்டாயம் கூலி கொடுங்கள். உருக்கிய சாக்லேட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் போதும், மொத்தமும் கட்டி கட்டியாக இறுகிப் போகும். இதை ஒரே ஒரு தடவை சொன்னேன். இப்போது என்னிடம் இருக்கும் பெண், அன்றைக்கு ஒவ்வொரு அச்சையும் உலர்ந்த துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூலையில் ஈரம் தெரிந்த ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். முன் அனுபவம் இருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. சாயங்காலம் அவள்தான் என்னைக் கேட்டாள், "மழைக்கு நிறுத்திடுவீங்களா அக்கா?" பாஸ்புக்கை எடுத்துக் காட்டினேன்.

சட்ட விஷயம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் மருத்துவக் காப்பீடு பத்துப் பேர் இருந்தால், பி.எஃப். என்ற வருங்கால வைப்பு நிதி இருபது பேர் இருந்தால்தான் கட்டாயம். ஆனால் குறைந்தபட்ச ஊதியம் ஒரே ஆள் என்றாலும் உண்டு, இப்போதைய தொகையைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் விடுமுறை. உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது, அதனால் கல்லா பக்கத்தில் இன்னொரு ஸ்டூல் போடுங்கள். தின்பண்டக் கடை என்றால் வருடம் ஒரு முறை மருத்துவச் சான்றிதழும் எடுக்கணும். இ.எஸ்.ஐ. இல்லாததால் நானாகச் செய்வது ஒன்று உண்டு: வருடம் 20 ரூபாய் கட்டினால் 2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் என்னிடம் இருக்கும் பெண்ணை அவள் வங்கிக் கணக்கு மூலம் சேர்த்து, அந்தப் பணத்தை நானே கொடுத்துவிடுகிறேன்.

கடைசியாக, பேசியதை ஒரு தாளில் தமிழில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம், சம்பளத் தேதி, வேலை நேரம், லீவு, நிறுத்துவதானாலும் நிற்பதானாலும் எத்தனை நாள் முன்னால் சொல்லணும், எல்லாம் அதில் இருக்கட்டும். சம்பளத்தை வங்கி வழியாகவே போடுங்கள், பின்னால் அவர்கள் கடன் கேட்கப் போனால் அந்தக் கணக்கு உதவும். லீவு பேசும்போது ஊர்ப் பண்டிகையையும் சேர்த்துப் பேசுங்கள். படுக வீட்டுப் பெண் என்றால் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஹட்டிக்கு, அதாவது தன் படுக ஊருக்குப் போயே தீருவாள், அது வருவது கிறிஸ்துமஸ், புத்தாண்டுக் கூட்டத்தை ஒட்டி. அந்த நாட்களுக்கான பெட்டிகளை நாங்கள் இரண்டு பேரும் முந்தின வாரமே சுற்றி அடுக்கிவிடுகிறோம்.