பொதுக் கோப்புறையில் பழைய தொடர்புகள் புதிய படிவத்தில் திறக்காத சிக்கல்

அலுவலக அவுட்லுக்கில் (மைக்ரோசாஃப்ட்டின் மின்னஞ்சல் மென்பொருள்) எல்லோரும் பகிரும் தொடர்புக் கோப்புறைக்கு, அதாவது ஆட்களின் பெயர், தொலைபேசி எண் போன்றவை பதிவாகும் இடத்துக்கு, கூடுதல் புலங்களுடன் ஒரு படிவம் செய்தேன். கோப்புறையின் படிவ நூலகத்தில் வெளியிட்டு, பண்புகளில் அதையே இயல்பான படிவமாக வைத்தேன். புதிதாகச் சேர்க்கும் தொடர்பு சரியாகத் திறந்தது. ஏற்கெனவே இருந்தவை மட்டும் பழைய முகத்தோடுதான் வந்தன.

படிவத்தை மறுபடி வெளியிட்டேன், படிவக் கேஷை (கணினி தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் படிவ நகல்களை) அழித்தேன், அனுமதிகளையும் சரிபார்த்தேன். பலனில்லை. அனுமதியாக இருந்தால் புதியவையும் திறந்திருக்காதே என்று அப்புறம்தான் தோன்றியது.

பட்டியல் பார்வையில் ‘மெசேஜ் கிளாஸ்’ (பதிவின் வகை) என்ற நெடுவரிசையைச் சேர்த்ததும் விஷயம் விளங்கியது. எந்தப் படிவத்தில் திறக்க வேண்டும் என்பது ஒவ்வொரு பதிவிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறது. கோப்புறையின் அமைப்பு இனி உருவாகும் பதிவுகளுக்கு மட்டுமே. பழையவற்றில் ‘ஐபிஎம்.காண்டாக்ட்’ என்றே இருந்தது. புதியவற்றில் அதற்குப் பின் ஒரு புள்ளியும் என் படிவத்தின் பெயரும்.

கோப்புறையின் நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, சின்ன விபிஏ மேக்ரோ (அவுட்லுக்குக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) எழுதி ஒவ்வொரு பதிவிலும் அந்த மதிப்பை மாற்றிச் சேமித்தேன். இங்கே ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள்: தொடர்புக் குழுக்களும் அதே கோப்புறையில்தான் இருக்கும், அவற்றின் வகை ‘ஐபிஎம்.டிஸ்ட்லிஸ்ட்’. அவற்றைத் தொடக்கூடாது. அதனால் மதிப்பு சரியாக ‘ஐபிஎம்.காண்டாக்ட்’ என்று இருந்தால் மட்டும் மாற்றும்படி நிபந்தனை வைத்தேன்.

இப்போது எல்லாப் பதிவுகளும் புதிய படிவத்திலேயே திறக்கின்றன. பெரிய நிம்மதி.