நம்ம மொழிக்கும் ஒரு பூட்டு: இன்டர்பிரிட்டருக்குள் இழைப்பூட்டு எழுதுவது எப்படி

விசுவமடுவில் பின்னேரம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்காகத் தமிழ்க் கட்டளைச் சொற்களோடு ஒரு குட்டி நிரல்மொழி எழுதி வைத்திருக்கிறேன். பெயர் இன்னும் வைக்கவில்லை. அந்த மொழி நிரல்களை ஓட்டும் இன்டர்பிரிட்டர் சி-யில் எழுதியது. போன மாதம் அதற்குள் இழைகளைச் (திரெட்: ஒரே நிரலுக்குள் பக்கம் பக்கமாக ஓடும் தனித்தனி ஓட்டங்கள்) சேர்த்தேன். அடுத்த வகுப்பிலேயே ஒரு பெடியன் இதைக் கொண்டு வந்தான்:

```
மூட்டை = 0

பணி எண்ணு():
    100000 தடவை:
        மூட்டை = மூட்டை + 1

அ = இழை(எண்ணு)
ஆ = இழை(எண்ணு)
அ.சேர்()
ஆ.சேர்()
காட்டு மூட்டை
```

('சேர்()' என்றால் அந்த இழை முடியும்வரை காத்திருப்பது.) 200000 வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு எண், எல்லாமே அதைவிடக் குறைவு. "சேர், மூட்டையை ஆரோ களவெடுக்கினம்" என்றான்.

என் இன்டர்பிரிட்டரில் ஏற்கெனவே ஒரு பெரிய பூட்டு இருக்கிறது. அதைக் கையில் வைத்திருக்கும் இழை மட்டும்தான் பைட்கோடை (நிரல் வரிகள் உடைந்து வரும் சின்னக் கட்டளைகளை) ஓட்டலாம். பைத்தன் இன்டர்பிரிட்டரில் இருக்கும் 'ஜில்' என்ற பூட்டு மாதிரியே. பிறகு ஏன் எண்ணிக்கை பிழைக்கிறது? அந்த ஒரு வரி நாலு பைட்கோடாக உடைகிறது: மூட்டையை ஏற்று, 1-ஐ ஏற்று, கூட்டு, மூட்டையில் வை. நான் 100 பைட்கோடுக்கு ஒருமுறை பெரிய பூட்டைக் கைமாற்றுகிறேன். (பைத்தனும் முதலில் இப்படித்தான் செய்தது, 3.2-இல் 5 மில்லிசெக்கன் கணக்குக்கு மாறியது.) ஏற்றலுக்கும் வைத்தலுக்கும் நடுவில் கை மாறினால் ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதிவிடுவார். பெரிய பூட்டு இன்டர்பிரிட்டரின் உள்ளுறுப்புகளைக் காக்கும்; மொழியில் எழுதுபவரின் கணக்கைக் காக்காது. அதற்கு மொழிக்குள்ளேயே ஒரு சின்னப் பூட்டு வேண்டும்.

படி 1: பூட்டின் உடம்பு

சி-யில் இழைகளைக் கையாளும் பிதிரெட் நூலகத்தின் மியூட்டெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு இழை மட்டும் பிடிக்கும் பூட்டை) அப்படியே தூக்கிக் கொடுத்தால் என்ன என்றுதான் முதலில் நினைத்தேன். வேண்டாம். சாதாரண மியூட்டெக்ஸை ஒரே இழை இரண்டு தரம் பூட்டினால் நிரல் விறைத்துப்போய் நிற்கும், பிழைச்செய்தி ஒன்றும் வராது. படிக்கிற பிள்ளைக்கு அது தண்டனை. அதனால் நாலு உறுப்பு வைத்தேன்: ஒரு மியூட்டெக்ஸ் (இதை உள்பூட்டு என்கிறேன்), காத்திருக்கும் இழையை எழுப்ப ஒரு கண்டிஷன் வேரியபிள் (சைகை), 'பூட்டியது' என்ற கொடி, 'உரியவர்' என்ற இழை எண். செமஃபோர் (இழைகளைக் காக்கவைக்கும் இன்னொரு கருவி) இல்லாத யூனிக்ஸ்களுக்காக சிபைத்தன் (சி-யில் எழுதிய பைத்தன்) வைத்திருந்த பூட்டும் கொடி, சைகை, மியூட்டெக்ஸ் மூன்றும் சேர்ந்ததுதான்.

ஸ்பின்லொக் (சுற்றிக்கொண்டே காத்திருக்கும் பூட்டு) எழுதச் சொல்லும் பாடங்கள் நிறைய இருக்கின்றன. செய்யாதீர்கள். காத்திருக்கும் இழை சும்மா சுற்றிச் சுற்றி ப்ராசசரைத் தின்னும். கரண்ட் நின்ற நேரம் பற்றரியில் ஓடும் என் பழைய லப்டொப்பில் அதன் விலை உடனே தெரிந்தது.

படி 2: எடுப்பது

ஃபோனில் படிப்பவர்களுக்காக சி வரிகளைத் தமிழ்ப் பெயரில் தருகிறேன்.

```
பூட்டு_எடு(பூ):
    பெரியபூட்டை_விடு()
    உள்பூட்டு_போடு(பூ)
    விளைவு = சரி
    பூ.பூட்டியது, அதோடு பூ.உரியவர் == நான் என்றால்:
        விளைவு = இரட்டைப்பூட்டு
    இல்லாவிட்டால்:
        பூ.பூட்டியது இருக்கும்வரை:
            சைகைக்குக்_காத்திரு(பூ)
        பூ.பூட்டியது = 1
        பூ.உரியவர் = நான்
    உள்பூட்டு_திற(பூ)
    பெரியபூட்டை_எடு()
    திருப்பு விளைவு
```

முதல் வரியைப் பாருங்கள். அது இல்லாமல் எனக்கு இரண்டு இரவு போனது.

புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வழியில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர்களுக்குத் தெரியும்: ஒடுக்கம், எதிரில் வாகனம் வந்தால் ஒரு பக்கம் நிற்கத்தான் வேண்டும். இப்போது நீங்கள் பாலத்தின் நடுவில் வண்டியை நிற்பாட்டிவிட்டு, "அக்கரையில் இருந்து ஒருவர் சாவி கொண்டு வருவார், வந்தால்தான் நகர்வேன்" என்கிறீர்கள். சாவிக்காரர் வரவேண்டியதும் அதே பாலத்தால்தான். பெரிய பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு சின்னப் பூட்டுக்குக் காத்திருப்பது இதுதான். சின்னப் பூட்டை வைத்திருக்கும் இழை அதைத் திறப்பதற்கு ஒரு பைட்கோடாவது ஓட்டவேண்டும். ஓட்டப் பெரிய பூட்டு வேண்டும். அது உங்கள் கையில்.

இதைத் திருத்தியபிறகும் இருந்துவிட்டு ஒருதரம் விறைத்தது. 'திருப்பு'க்கு முன்னுள்ள இரண்டு வரிகளை மாறி எழுதியிருந்தேன்: பெரிய பூட்டை எடுத்தபிறகு உள்பூட்டைத் திறந்தேன். என் கையில் உள்பூட்டு, நான் பெரிய பூட்டுக்குக் காத்து நிற்கிறேன். அடுத்த இழையின் கையில் பெரிய பூட்டு, அது உள்பூட்டுக்குக் காத்து நிற்கிறது. உள்பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பெரிய பூட்டுக்குக் காத்திருக்கவே கூடாது, அவ்வளவுதான் விதி.

இதைப் பிடிக்க 'பிரின்ட்' போட்டுப் பார்த்தேன். பிரின்ட் போட்டதும் நேரம் மாறி, பிழை ஒளித்துக்கொண்டது. ஜிடிபி என்ற பிழைதேடு கருவியில் எல்லா இழைகளின் பின்தடத்தையும் (எந்த இழை எந்தப் பணிக்குள் நிற்கிறது என்ற பட்டியலை) ஒரே கட்டளையில் எடுக்கலாம். எடுத்தால் யார் எதற்குக் காத்து நிற்கிறார் என்று இரண்டு நிமிடத்தில் தெரியும். இழைப் பிழைகளைத் தேடும் திரெட் சானிடைசரையும் சொல்வார்கள். நல்ல சாமான்தான், ஆனால் நிரல் 5 முதல் 15 மடங்கு மெதுவாகும். எனக்கு ஜிடிபிதான்.

'இருக்கும்வரை' என்ற இடத்தில் வெறும் 'என்றால்' போடவேண்டாம். சைகை வராமலேயே இழை விழித்துக்கொள்ளலாம் என்று யூனிக்ஸ்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸ் விதியே சொல்கிறது. சைகை வந்து எழும்புவதற்குள் வேறொருவர் பூட்டை எடுத்துவிட்டும் இருக்கலாம்.

பிழைச்செய்தியை ஏன் நடுவிலேயே எறியாமல் விளைவாகத் திருப்புகிறேன்? செய்திப் பொருளை உருவாக்கப் பெரிய பூட்டு கையில் இருக்கவேண்டும். அந்த இடத்தில் அது இல்லை.

படி 3: விடுவது

உள்பூட்டைப் போடு, பூட்டியிருக்கிறதா, உரியவர் நான்தானா என்று பார், கொடியை 0 ஆக்கு, சைகை ஒன்று கொடு, உள்பூட்டைத் திற. ஒருவரை எழுப்பினால் போதும், காத்திருக்கும் எல்லாரையும் எழுப்பத் தேவையில்லை. இங்கே பெரிய பூட்டை விடவும் வேண்டாம், உள்பூட்டு கணநேரம்தான் பிடிபடும்.

படி 4: மொழியில் ஒரு சொல்

எடு, விடு என்று இரண்டு பணிகளை மட்டும் கொடுத்தால் பிள்ளைகள் 'விடு'வை மறப்பார்கள். நானும் மறப்பேன். ஆகவே தொடங்கும்போது எடுத்து, முடியும்போது தானே விடும் ஒரு கட்டு:

```
கதவு = பூட்டு()

பணி எண்ணு():
    100000 தடவை:
        பூட்டி கதவு:
            மூட்டை = மூட்டை + 1
```

200000. பத்துத் தரம் ஓட்டினேன், பத்துத் தரமும் அதே எண். வேகம் நன்றாகவே குறைந்தது. சின்னப் பூட்டு சும்மா கிடந்தால் பெரிய பூட்டை விடாமலே எடுத்துப் பார்த்துவிட்டு, கிடைக்காவிட்டால் மட்டும் மேலே சொன்ன நீண்ட வழியில் போங்கள். பெரும்பகுதி வேகம் திரும்ப வரும்.

பிற்சேர்க்கை: கட்டுக்குள்ளிருந்து 'திருப்பு' போட்டு வெளியேறினால் பூட்டு பூட்டியபடியே கிடக்கிறது என்று ஒருவர் கொமெண்டில் எழுதியிருந்தார். உண்மை. வழு வந்தால் விடுவிக்கும் பைட்கோடை எழுதியிருந்தேன். 'திருப்பு', 'நிறுத்து' இரண்டையும் மறந்துவிட்டேன். கட்டிலிருந்து வெளியேறும் எல்லா வழியிலும் கம்பைலர் (நிரலைப் பைட்கோடாக மாற்றும் பகுதி) 'விடு'வை வைக்கவேண்டும்.

இன்னொன்று: `பூட்டி பூட்டு():` என்று பெயரில்லாத பூட்டைப் போட்ட தங்கச்சிக்கு நிரல் செத்துப் போனதாம். பூட்டுப் பொருள் என் சி மாறியில் மட்டும் இருந்தது. பெரிய பூட்டை விட்ட நேரம் மற்ற இழை குப்பை பொறுக்கியது (யாரும் பாவிக்காத பொருள்களை நினைவகத்திலிருந்து அழிப்பது). குப்பை பொறுக்கிக்கு சி மாறிகள் தெரியாது, பூட்டைக் கழுவிவிட்டது. பெரிய பூட்டை விடுமுன் பொருளை மதிப்பு அடுக்கில் (குப்பை பொறுக்கிக்குத் தெரிகிற, இன்டர்பிரிட்டர் மதிப்புகளை வைக்கும் இடத்தில்) ஒருதரம் தள்ளி வையுங்கள், கட்டு முடியும்வரை அங்கேயே இருக்கட்டும்.

மூன்றாவது: `கதவு.எடு(5)` என்று 5 செக்கன் மட்டும் காத்திருக்கும் வசதியைக் கேட்டிருந்தீர்கள். போட்டேன், காத்திருக்காமல் உடனே திரும்பியது. பிதிரெட்டின் நேரக்கெடு காத்திருப்புக்குக் கொடுக்கவேண்டியது எத்தனை செக்கன் என்பதல்ல, எத்தனை மணிக்கு என்பது. நான் 5 என்று கொடுத்ததை அது 1970 ஜனவரி 1-இன் ஐந்தாவது செக்கன் என்று எடுத்துக்கொண்டது. இப்போதைய நேரத்தோடு 5-ஐக் கூட்டிக் கொடுங்கள்.