கடையில் இருக்கும் ஆப்பிள் எந்த ஊர்? பார்த்து வாங்கும் முறை

போன மாத மளிகை பில்லைக் கூட்டிப் பார்த்தேன். அரிசிக்கு ஆனதைவிடப் பழத்துக்கு அதிகம் ஆகியிருந்தது. பிள்ளைகளின் டிபன் பாக்ஸில் பழம் வைக்காமல் அனுப்ப மனசு வராது, அதனால் விலை பார்க்காமல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். "காஷ்மீர் ஆப்பிள்" என்று பலகை வைத்த கூடையில் வாங்கியதை வீட்டில் கழுவும்போது, ஸ்டிக்கரில் துருக்கி என்று இருந்தது. துருக்கிப் பழத்தில் குறையில்லை. ஆனால் எதற்குக் காசு கொடுக்கிறோம் என்றாவது நமக்குத் தெரிய வேண்டும். அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது.

படி 1: ஸ்டிக்கரைப் படியுங்கள்

ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். வாழைப்பழத்துக்கு 4011, கிவிக்கு 4030, பெரிய ஃபூஜி ஆப்பிளுக்கு 4131. இது பழத்தின் வகையைச் சொல்லும் எண்தான், நாட்டைச் சொல்லாது. முன்னால் 9 சேர்ந்து ஐந்து இலக்கமாக இருந்தால் இயற்கை விவசாயத்தில் விளைந்தது என்று பொருள். நாட்டின் பெயர் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். சிலி, இத்தாலி, ஈரான், நியூசிலாந்து என்று தேடுங்கள்.

படி 2: பார்கோடை நம்பாதீர்கள்

890 என்று தொடங்கினால் இந்தியப் பொருள் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பார்கோடு எண்ணை வாங்கிய நிறுவனம் இந்தியாவில் பதிவானது என்பதற்குத்தான் அது அடையாளம். சிலியில் விளைந்த கிவியை இங்கே பெட்டியில் அடைத்தாலும் 890 வரலாம். அடைத்து விற்கும் இறக்குமதிப் பொருளில் விளைந்த நாடும் இறக்குமதியாளர் முகவரியும் அச்சிட்டிருக்க வேண்டும். அதைப் பாருங்கள்.

படி 3: அட்டைப்பெட்டியைக் கேளுங்கள்

எனக்கு அதிகம் உதவியது இதுதான். ஸ்டிக்கர் இல்லாத பழமென்றால், "அண்ணா, இது வந்த பெட்டி இருக்கா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் காட்டுவார்கள். நாடு, ரகம் எல்லாம் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும். அமெரிக்க ஆப்பிள் பெட்டி சுமார் 18 கிலோ. அதில் 100, 113, 125 என்று ஓர் எண் இருந்தால், அது பெட்டியில் உள்ள பழங்களின் எண்ணிக்கை. 100 என்றால் பழம் ஒன்று ஏறக்குறைய 180 கிராம், 125 என்றால் 145 கிராம் அளவில் இருக்கும். "ஒன்று இவ்வளவு" என்று விற்கும் இடத்தில் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

படி 4: பருவத்தைப் பாருங்கள்

காஷ்மீர், இமாச்சல் ஆப்பிள் அறுவடை ஜூலை கடைசியிலிருந்து அக்டோபர், நவம்பர் வரை. நியூசிலாந்து, சிலி, தென்னாப்பிரிக்கா பூமியின் தென்பாதியில் இருப்பதால் அங்கே பிப்ரவரி முதல் மே வரை. ஜூன் மாதம் காஷ்மீர் ஆப்பிள் கிடைத்தால் அது குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்த பழம். கெட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதைப் புதுப்பழ விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

படி 5: கிலோ விலை போடுங்கள்

மூன்று கிவி உள்ள பெட்டி 99 ரூபாய், எடை 240 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 99-ஐ 240-ஆல் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 412 ரூபாய். போன் கால்குலேட்டர் போதும்.

வெளிநாட்டு ஆப்பிளின் விலை ஏன் இறங்குவதே இல்லை என்று எனக்கும் ஆதங்கம் இருந்தது. துறைமுகம் வந்து சேரும் விலை கிலோ 50 ரூபாயோ அதற்குக் குறைவோ என்றால் இறக்குமதி கூடாது என்று 2023 மே மாதம் மத்திய அரசு விதித்தது. பூடானுக்கு மட்டும் விலக்கு. ஆப்பிளுக்கு வழக்கமான சுங்க வரியோ பல ஆண்டுகளாக 50 சதவீதம். அப்படி 60 ரூபாய்க்கு வந்திறங்கும் பழம் வரியோடு 90 ஆகிவிடும். குளிர்பெட்டி, லாரி, கடை வாடகை, அழுகல் எல்லாம் அதற்கு மேல். டாலர் ஏறினால் இதுவும் ஏறும்.

படி 6: பக்கத்தில் ஒரு நம்மூர்ப் பழம் வையுங்கள்

கிவியை வைட்டமின் சி-க்காக வாங்குகிறீர்களா? 100 கிராம் கிவியில் அது சுமார் 90 மில்லிகிராம். கொய்யாவில் 200-க்கும் மேல். பழனி பக்கத்து ஆயக்குடிக் கொய்யா வரும் நாட்களில் நான் கிவிப் பக்கம் போவதில்லை. சின்னவளுக்கு விதை பிடிக்காது. நடுச்சதையை வழித்தெடுத்துவிட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவிக் கொடுத்தால் டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வருகிறது.